வெறும் வைரஸ்தானாம்

பொம்மசந்திராவிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் கழுத்தில் மஃப்ளர், கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு. பரீட்சையில் கோட்டைவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எமர்ஜென்சில மூணு மணி நேரம் உக்கார வெச்சி, டெஸ்ட்டெல்லாம் எடுத்து, கடைசில வெறும் வைரஸ்னுட்டாங்க."

"நல்லதுதானேங்க? ஆன்டிபயாடிக் வேணாம், ரெஸ்ட் எடுத்தா போதும்னாரு டாக்டர்."

"உன் தம்பிக்கு மட்டும் பாக்டீரியா. மூணு நாள் ட்ரிப்ஸ். ஃபேக்டரியே ஆப்பிளோட வந்து பாத்துச்சு. நான் சூபர்வைசர்கிட்ட என்னத்தக் காட்டி லீவு கேக்கறது?"

"காய்ச்சலக் காட்டுங்க."

அவர் மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"ஃப்ரிட்ஜ் மேல இருந்த ஆன்டிபயாடிக்கும் சுத்த வேஸ்டு. நேத்துலருந்து நாலு போட்டுட்டேன், காய்ச்சல் எறங்கவே இல்ல."

அந்தம்மா முழுசாக அவர் பக்கம் திரும்பினார்.

"எது, தம்பி சாப்ட்டு மிச்சம் வெச்சதா? வரதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது போட்டீங்களான்னு டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரே!"

"திட்டுவாருன்னு இல்லேன்னுட்டேன்."

"ஆன்டிபயாடிக் போட்டிருந்தா டெஸ்ட்டு தப்பா காட்டலாம்னு சொல்லித்தானே கேட்டாரு?" அந்தம்மா எழுந்தேவிட்டார். "கண்டக்டரே, ஸ்வல்ப நில்ஸி! ஏங்க, எறங்குங்க. திரும்பப் போயி உண்மையச் சொல்லுவோம்."

பஸ் நின்றது. படியில் இறங்கும்போதுதான் அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு தெம்பு வந்தது.

"அப்ப, பாக்டீரியாவாக்கூட இருக்கலாங்கறியா?"