மூணு தையல் அண்ணன் கேட்டு நின்ற ஒரு வார்த்தை

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்குத் தங்கையைப் போன்ற அண்ணனின் மனைவியே, கம்பிப் பகுதித் தோழர்களே, தையல் பகுதிப் பெண்களே, யாரும் அழைக்காமலேயே மேடையில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் மேலாளர் அவர்களே! எல்லாருக்கும் வணக்கம். மேலாளருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். வணக்கம் சொல்ல எனக்கென்ன செலவு?

எனக்கு முன்னால் மேலாளர் பேசினார். அழகாகப் பேசினார். நம் குடை ஆலையின் தையல் பகுதி மேற்பார்வையாளர், நம் சங்கச் செயலாளர், நம் மூணு தையல் அண்ணன் யார்மீதும் மனக்கசப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்றார். நெஞ்சு வலி இயற்கையாக வந்தது, அது மனிதர் கையில் இல்லை என்றார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டை நனைந்ததா என்று முன் வரிசையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு மனக்கசப்பு இல்லை. அது உண்மை. எனக்கு இருக்கிறது. அதனால்தான் நானும் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே நிற்கிறேன்.

வயதில் அவர் எனக்குத் தம்பி. என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணன் என்பேன். ஆலை முழுவதும் அண்ணன் என்று கூப்பிடும்போது நான் மட்டும் வேறு மாதிரி கூப்பிட முடியுமா? மூணு தையல் என்ற பட்டம் எப்படி வந்தது என்று இங்கிருக்கும் இளையவர்களுக்குத் தெரியாது. குடைக்கு எட்டு முனை. ஒவ்வொரு முனையிலும் துணியைக் கம்பியோடு சேர்த்துக் கையால் தைக்க வேண்டும். இரண்டு தையல் போட்டாலும் நிற்கும். கடையில் விற்கும் வரைக்கும் நிற்கும். அண்ணன் மூன்று கேட்பார். மூன்றாவது தையலின் முடிச்சை மடிப்புக்குள் ஒளிக்கச் சொல்வார். துணி காயவைக்க ஒரு பெரிய மின்விசிறி இருந்ததே, அதன் முன்னால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலைமுடி பறக்கும், சட்டை பறக்கும், குடை மட்டும் அசையாது.

ஒரு நாள் நான் சொன்னேன், "ஏன் அண்ணே, ரெண்டு போட்டா என்ன? சூறாவளியிலயா குடை புடிச்சிக்கிட்டுப் போகப் போறாங்க?"

அவர் சொன்னார், "அக்கா, மழையில நின்னு உன்னைத் திட்டுறவன் குரல் உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

பிறகு அந்தப் பெட்டிகள் வந்தன. மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. லாரி லாரியாக, வெளிநாட்டுக் குடைகள். நாம் துணி வாங்கும் விலைக்கு அங்கே முழுக் குடையே வாங்கலாமாம். பெட்டி இறங்கிய அன்றே கம்பிப் பகுதியைப் பூட்டினார்கள். தையல் பகுதியில் பாதி மேசைகளைத் தூக்கினார்கள். மிச்சம் இருந்த எங்களிடம் மேலாளர் வந்து என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்கிறேன், அவர் இங்கேயே இருக்கிறார், இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும்.

"இதுல நம்ம லேபிள மட்டும் வச்சுத் தைங்கம்மா. வேற எதையும் தொட வேணாம்."

அண்ணன் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மின்விசிறி முன்னால் போனார். விரித்தார். அவ்வளவுதான். குடை மேல்பக்கமாகக் கவிழ்ந்து கிண்ணமாக நின்றது. எட்டு முனையும் பிய்ந்து துணி அவர் முகத்தில் அப்பிக்கொண்டது. நாங்கள் சிரித்தோம். வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல நம்ம பேரு வரப் போகுது. இப்படியே விடலாமா? வாங்குறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

விட்டிருக்கலாம்! விட்டிருக்க வேண்டும்! ஆனால் நாங்கள் யார்? மூணு தையல் அண்ணன் வளர்த்த கைகள் அல்லவா? லேபிள் வைக்கும் கூலிக்கு முனையையும் சேர்த்துத் தைத்தோம். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. நம் பிழைப்பைக் கெடுக்க வந்த குடைக்கு நாமே உட்கார்ந்து உயிர் கொடுத்தோம். உலகத்தில் வேறு எவராவது இப்படி ஒரு காரியம் செய்வார்களா?

என்ன தலைவரே, துண்டுச் சீட்டு அனுப்புகிறீர்கள்? நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதைப் படித்து முடிப்பதற்குள் பேசியே முடித்துவிடுவேன். இருங்கள்.

கடைசியில் ஆலையை மொத்தமாகப் பூட்டினார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை போனவர்களுக்கு அரசாங்கம் உதவி செய்யும் என்று சட்டம் இருப்பதை அண்ணன்தான் கண்டுபிடித்து வந்து சொன்னார். வேறு தொழில் கற்றுக்கொள்ளப் பயிற்சி, கற்கும் வரைக்கும் மாத உதவி, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. பிச்சை இல்லை, நமக்குச் சேர வேண்டியது. கம்பிப் பகுதிக்குக் கிடைத்தது. பெட்டி வந்த அன்றே அவர்கள் பகுதியைப் பூட்டியதை ஊரே பார்த்தது, யாராலும் மறைக்க முடியவில்லை. கம்பிப் பகுதித் தோழர்களே, உங்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமைதான்.

தையல் பகுதிக்கு விசாரணை வைத்தார்கள். மேலாளரைக் கூப்பிட்டார்கள். இந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று அதிகாரி கேட்டார். மேலாளர் என்ன சொன்னார்?

"இவங்க பழுது பார்க்க எடுத்த ஆளுங்க சார். வெளிநாட்டுக் குடை இவங்க வேலையைப் பறிக்கல. இவங்களுக்கு வேலை குடுத்ததே அதுதான்."

பழுது பார்க்க எடுத்த ஆட்கள்! வெறும் துணியை மேசையில் விரித்து முழுக் குடையாக எழுப்பிக் கொடுத்த பெண்கள் பழுது பார்க்க எடுத்த ஆட்கள்! ஏன் அப்படிச் சொன்னார்? வெளிநாட்டுக் குடையால் இத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று பதிவாகிவிட்டால் அந்தக் குடைக்கு வரி ஏறும். அதற்குள் அவர் கிடங்கு பிடித்து அதே குடையை இறக்கி விற்கத் தொடங்கிவிட்டார். வேறு காரணம் ஏதாவது இருந்தால் அவரே எழுந்து சொல்லட்டும், ஒலிபெருக்கியைத் தருகிறேன். வேண்டாமா? சரி.

அவர் சொன்னதை வைத்தே தையல் பகுதிக்கு உதவி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு விசாரணை நடந்த அலுவலகப் படிக்கட்டில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே அக்கா தைக்கச் சொன்னேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நல்ல வேலை செய்ததற்காக ஒரு மனிதர் தலை குனிந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். குனிய வைத்தவர் காரில் ஏறிப் போனதையும் பார்த்தேன்.

அண்ணன் சும்மா இருந்தாரா? மேல்முறையீடு போட்டார். ஆலைக் காகிதங்களெல்லாம் ஆலையோடு போய்விட்டன. மிச்சம் இருந்தது மேலாளரின் வாய் ஒன்றுதான். 'இவர்கள் குடை தைத்தவர்கள்' என்ற ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு அண்ணன் எத்தனை தரம் நடந்தார்! ஒருமுறை நல்ல மழை. வாசல் கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். போகும்போது மேலாளர் பெரிய மனது பண்ணி ஒரு குடை கொடுத்தார். அவர் கிடங்குக் குடைதான். தெருமுனை தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிட்டது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, துவட்டிக்கொண்டு, ஊசி எடுத்தார். எட்டு முனையும் தைத்தார். மறுநாள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்!

நான் கேட்டேன், "திருப்பிக் குடுத்தியா? அவன் மண்டையில போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?"

"குடை என்ன அக்கா பண்ணுச்சு?"

"அண்ணே, நீ மனுஷனே இல்ல. உனக்கும் சேத்து நான்தான் கோபப்படணும் போல."

"படு அக்கா. உனக்கு நல்லா வருது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் பிடிக்கும். ஆனால் அதே மாதத்தில்தான் அவருக்கு நெஞ்சு வலி தொடங்கியது. மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை என்றார். தீர்ப்பு வரட்டும், காப்பீடு கிடைக்கும், அதில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அவர் மனைவி கெஞ்சினாள். நான் திட்டினேன். "தீர்ப்பு வரட்டும் அக்கா" என்றார். தீர்ப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இது இயற்கையா மேலாளர் அவர்களே? இது யார் கையிலும் இல்லையா? உங்கள் வாயில் இருந்ததே!

இன்றைக்கு ஏன் மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்? அதையும் சொல்கிறேன். மழைக்காலம் வருகிறது. கிடங்கு நிறையக் குடை இருக்கிறது, முனை நிற்காத குடை. போன மழையில் கவிழ்ந்த குடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கடைகளில் சண்டை போட்டார்கள். அதனால் இந்தத் தடவை தையல் பகுதிப் பெண்களின் வீடுகளுக்குக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருக்கிறது. 'முனை தைச்சுக் குடுங்கம்மா, நம்ம பழைய பழக்கம்தானே' என்று ஆள் அனுப்புகிறார். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கட்டு இருக்கிறது. எனக்குத் தெரியும். உலை வைக்க வேண்டும், அதனால் வாங்கினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கேளுங்கள். அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவருடைய பணி எது? நல்ல தையல் போடுவதா? அதைத்தான் வாழ்நாள் முழுக்கப் போட்டோமே, என்ன கிடைத்தது? அவர் பாதியில் விட்டுப்போன பணி மேல்முறையீடு. அடுத்த மாதம் விசாரணை. மேலாளர் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வரைக்கும் இந்தக் கைகளில் எதுவும் அவர் குடையைத் தொடக்கூடாது. கட்டுகளை நாளைக்கே கிடங்கு வாசலில் கொண்டுபோய் வைப்போம். வாங்குகிறவர்கள் நனைவார்களே என்று அண்ணன் கேட்பார். நனையட்டும் அண்ணே. யாரால் நனைகிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும். இந்த ஒன்றில் மட்டும் உன் சொல்லை மீறுகிறேன். கோபப்படு என்று எனக்கு நீதானே சொன்னாய்?

சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள். ஊசி பிடித்த கை எனக்குத் தெரியும், இடது கையைத் தூக்கி ஏமாற்ற வேண்டாம்.

போதும், இறக்குங்கள். அண்ணன் பார்த்திருப்பார். மேலாளரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

மேலாளர் அவர்களே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? இன்னும் ஒன்றே ஒன்று. கூரையில் சத்தம் கேட்கிறதா? மழை பிடித்துவிட்டது. நான் உள்ளே வரும்போது வாசலில் உங்கள் கறுப்புக் குடை சாய்ந்திருந்தது. விரித்துப் பார்த்தேன். எட்டு முனையிலும் மூன்று தையல், முடிச்சு மடிப்புக்குள். கிடங்கு நிறையக் குடை வைத்திருக்கிற நீங்கள் அண்ணன் தைத்துக் கொடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்! என் இடுப்புப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும். அங்கேயே நின்று எட்டு முனையையும் பிரித்துவிட்டேன். அந்தத் தையல் அண்ணனோடு போகட்டும்.

விசாரணைக்கு வாருங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அன்றைக்கு நானே உட்கார்ந்து மூன்று மூன்றாகத் தைத்துத் தருகிறேன். இன்றைக்கு நனைந்துகொண்டு போங்கள்.