மன்னிக்கணும், லைன் காலியில்லை

நான் யாரையும் ஒருமையில் பேசியது கிடையாது, ஐயா. எங்கள் வீட்டுக்கு வந்து போகும் பூனையைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாங்க என்று சொல்வதால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

காபியைக் குடியுங்கள், ஆறிப்போகிறது. மெட்ராஸ் ஆபீஸிலிருந்து விசாரணைக்காக இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேற்று நீங்கள், எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் சித்தாராவை விசாரித்தபோது நான் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உங்கள் குரல் நன்றாகக் கேட்டது. "ஏய், நீ வாயைத் திறக்கப் போறியா இல்லையா" என்று கேட்டீர்கள். நீங்கள் பெரியவர், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெண்ணிடம் அப்படிப் பேசலாமா? ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன், அந்த 'ஏய்' காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். மற்றபடி வந்திருப்பேனா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை.

வழக்கு என்ன என்று எனக்குத் தெரியும். எண்பத்திரண்டாம் நம்பர் வீட்டு அம்மா, காந்தா என்று பெயர், ஏழு மாதக் கர்ப்பிணி. கருட சேவை அன்று காலையில் லேடி டாக்டருக்கு லைன் கேட்டுக் கிடைக்காமல் இறந்துபோனார்கள். டாக்டர் அம்மாவோ, தன் போன் அன்று காலை முழுக்கச் சும்மாதான் கிடந்தது என்கிறார்கள். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் காந்தா அம்மாவின் அப்பா புகார் கொடுத்தார். அந்த நம்பர் வரும் நாற்காலி சித்தாராவுடையது. ஆகவே சித்தாராவின் வேலை போகப்போகிறது. அவ்வளவுதானே? அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. நேரே சொன்னால் கோணலாகப் படும், முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் போர்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அதில் ஆளுக்கொரு சின்னக் கதவு. அங்கே அவர்கள் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர்கள் கதவு 'டக்'கென்று விழும். நான் கயிற்றைச் சொருகி 'நம்பர் ப்ளீஸ்' என்பேன். அவர்கள் நம்பரைச் சொல்வார்கள். என்னிடம் அவர்கள் பேசுவது அவ்வளவுதான். பட்டுக்கடைக்காரர், ஜரிகைக்காரர், வக்கீல், கோயில் ஆபீஸ் என்று பகல் முழுக்க ஊரே என் காதுக்குள் பேசும். என்னோடு ஒருவரும் பேச மாட்டார்கள். வேலை முடிந்து பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போய்க் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒன்றுதான். பூனை வந்தால் உண்டு. கல்யாணம், பிள்ளைகள் எதுவும் எனக்கு அமையவில்லை. அமையவில்லை என்று நான் அழுததும் இல்லை.

ஒருநாள் எண்பத்திரண்டின் கதவு விழுந்தது. புதிதாகப் போன் வாங்கிய வீடு. அந்தக் கதவு சித்தாராவின் பக்கம்தான், ஆனால் என் கைக்கும் எட்டும்; அன்றும் பிறகும் பெரும்பாலும் நானே முந்தி எடுத்தேன். கலியாணசுந்தரம் என்று ஒரு பட்டு வியாபாரி, வீட்டிலேயே வியாபாரம். நான் 'நம்பர் ப்ளீஸ்' என்றேன்.

"வணக்கம்மா. சாப்டீங்களா?" என்றார். அப்புறம்தான், "சூரத்துக்கு ஒரு டிரங்க் கால் போடணும். மெதுவாப் போடுங்க, அவசரம் இல்ல."

அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே, 'சாப்பிட்டேங்க' என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று உடனே டப்பாவைத் திறந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவர் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுவேன். அவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? தினமும் கேட்டார். மழையன்றும் கேட்டார். சரக்கு வராமல் சூரத்துக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, அந்தக் கோபத்தோடு அடுத்த லைன் கேட்கும்போதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

சித்தாரா பக்கத்து நாற்காலி. சின்னப் பெண், வாயாடி. என்னைப் பார்த்துச் சொல்வாள், மன்னிக்கணும், சொல்வார்கள்: "அக்கா, என்ன நீன்னு கூப்புடுங்கக்கா. வாங்க போங்கன்னா யாரோ வழிப்போக்கங்க மாதிரி இருக்குது."

"எல்லாரும் மனுஷங்கதானேங்க" என்பேன்.

"எண்பத்திரண்டு பேசினா மட்டும் தலையெல்லாம் சரி பண்ணிக்கினு உக்கார்றீங்க. போன்ல தலை தெரியுமாக்கா?"

"சாப்டீங்களான்னு கேக்குறாருங்க. எவ்ளோ மரியாதை."

சித்தாரா சிரித்தார்கள். "அய்யே, அத என்கிட்டயும்தான் கேக்குறாரு. யாருன்னு தெரிஞ்சா கேக்குறாரு? அது அவரு வாயில வர்ற வழக்கம்க்கா."

சின்னப் பெண்ணுக்குக் குரலின் வித்தியாசம் தெரியாது.

பிறகு அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. வாலாஜாபாத்துக்கு லைன் போட்டுக் கொடுத்ததெல்லாம் நான்தான். முகூர்த்தம், சமையல்காரர், மாப்பிள்ளை அழைப்புக்கு எத்தனை கார் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். லைன் சரியாக இருக்கிறதா என்று நடுவில் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அது வேலையில் சேர்ந்ததுதான். எனக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாண வேலையில் யாருக்குத்தான் எல்லாரையும் ஞாபகம் இருக்கும்? அன்று நான் ஒரு புதுப்புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

காந்தா அம்மா வந்த பிறகு எண்பத்திரண்டில் வேறு குரல் வர ஆரம்பித்தது.

"ஏய் ஆபரேட்டர், தூங்கிக்கினு இருக்கியா? எங்க அம்மாவுக்குப் போடு."

நான் 'இதோ போடறேங்கம்மா' என்பேன். ஒருநாள்கூட நான் பதிலுக்குக் குரலை உயர்த்தியதில்லை, சித்தாராவைக் கேட்டுப் பாருங்கள். வசதியான வீட்டுப் பெண், மில்லில் ஆட்களை ஏவிப் பழகிய வாய். சொல்லித்தர ஆள் இல்லை என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவர்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"இவுரு ஒரு ஆளும்மா. போன் ஆபரேட்டர் பொம்பளையக்கூட சாப்டீங்களான்னு விசாரிக்கிறாரு. வீட்டு வாசல்ல நிக்கிற மாட்ட விசாரிக்கிற மாதிரி" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தேன். அவர்கள் பேசி முடித்து மணி அடித்ததும் எடுத்துவிட்டேன்.

கருட சேவை அன்று நடந்ததற்கு வருகிறேன்.

ஊரே தெருவில் இருந்தது. ஜட்கா, ரிக்‌ஷா எதுவும் நகர முடியாத கூட்டம். போர்டு ஓய்ந்து கிடந்தது. சித்தாராவின் அண்ணன் கௌஸ் பாஷா கூட்டத்தில் சர்பத் கடை போட்டிருந்தார்.

"அக்கா, அண்ணன் காலைலருந்து ஒண்ணும் துண்ணாம நின்னுக்கினு இருக்குது. இந்த டப்பாவக் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

"போய்ட்டு வாங்க. கூட்டத்துல பாத்துப் போங்க. உங்க சீட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதுதான் நான் சொன்ன திருத்தம். நாற்காலி சித்தாராவுடையது, உட்கார்ந்திருந்தது நான். சீட்டை விட்டுப் போனதே தவறு என்பதால் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. நான் போர்டில் இருந்தேன் என்று சொன்னால் பழி என் மேல் வரும் என்று பயந்துதான். 'அக்கா அப்படிச் செய்யறவங்க இல்ல' என்று கௌஸ் பாஷாவிடம் சொல்லி அழுதார்களாம். அவர் வந்து சொன்னார்.

எண்பத்திரண்டு விழுந்தது. அவர்தான் என்று நினைத்துத் தலையைச் சரிசெய்துகொண்டேன். அன்றைக்கு அவருடைய மண்டகப்படி, வீட்டார் எல்லாரும் பெருமாளுக்காகத் தெருமுனையில் காத்திருப்பார்கள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அந்த அம்மா மட்டும் வீட்டில் இருந்தார்கள்.

"ஏய், லேடி டாக்டருக்குப் போடு. சீக்கிரம்."

"மன்னிக்கணும்மா, கொஞ்சம் மரியாதையாக் கேளுங்க" என்றேன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னாடி மரியாதை? ரத்தமாப் போய்க்கினு இருக்குது, வீட்ல யாரும் இல்ல. போடுடி."

நான் கயிற்றை எடுத்துவிட்டேன். கதவைத் தூக்கி நிறுத்தினேன். மறுபடி விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். கோபம் இல்லை, ஐயா. வாயில் நல்ல சொல் வரும்வரை காத்திருப்போம் என்றுதான் நினைத்தேன். குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது இல்லையா, 'கொடுங்க என்று கேள், தருகிறேன்' என்று. அதேதான். ஜன்னலுக்கு வெளியே கருடன் மேல் பெருமாள் வந்தார். மேளச் சத்தத்தில் கதவு விழுவது காதில் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தினால், பாவம், மரியாதை தெரியாததால் அந்த அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நானும் இத்தனை நாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அரைகுறையாகச் சொல்வது உங்களுக்கு மரியாதை இல்லை.

மேளம் தூரம் போன பிறகு கதவு இன்னொரு தடவை விழுந்தது. மெதுவாகச் சுற்றியிருப்பார்கள் போல, முழுக்க விழாமல் பாதியில் தொங்கியது. நான் கயிற்றைச் சொருகினேன். தரையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி குரல் கீழேயிருந்து வந்தது.

"வணக்கம்மா," என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்டீங்களா?" என்றார்கள்.

அவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்கள். இப்படிக் கேட்டால்தான் லைன் கிடைக்கும் என்று தோன்றியிருக்கும்.

"தயவு பண்ணுங்கம்மா. நான் பேசினது தப்புதான். டாக்டருக்கு ஒரு லைன் குடுங்கம்மா."

ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு மரியாதை. டாக்டர் அம்மாவின் நம்பருக்கான துளை என் கண்ணெதிரே காலியாக இருந்தது. கயிறு கையில் இருந்தது. அவர்கள் வேறு எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வார்த்தை அவருடையது. எனக்கு என்று அவர் வைத்திருந்தது. அதை இன்னொருவர் வாயில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

"மன்னிக்கணும்மா, லைன் காலியில்லை" என்றேன். நமக்கு டிரெயினிங்கில் சொல்லித்தந்த அதே குரலில்தான் சொன்னேன்.

"பரவாயில்லம்மா" என்றார்கள். "நான் இருக்கேன்."

வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. சித்தாரா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் கயிற்றை எடுத்துக் கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு என் நாற்காலிக்குப் போய்விட்டேன். "ஏதாச்சும் வந்துதாக்கா?" என்றார்கள். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அண்ணன் எனக்காகக் கொடுத்தனுப்பிய சர்பத்தை இரண்டு பேரும் குடித்தோம்.

மண்டகப்படி முடிந்து வந்தவர்கள் அந்த அம்மாவைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மண்டகப்படிக்கு வந்திருந்த அப்பாவிடம் வழியில் சொன்னது என்ன என்று நீங்கள்தான் நேற்று சித்தாராவுக்குப் படித்துக் காட்டினீர்கள். 'லைன் காலியில்லன்னு சொன்னாங்கப்பா' என்று. சொன்னாங்க. கவனித்தீர்களா? கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் எண்பத்திரண்டு விழுந்தது. 'நம்பர் ப்ளீஸ்' என்றேன்.

"வணக்கம்மா. சாப்டீங்களா?" என்றார்.

அதே குரல். அத்தனை துக்கத்திலும் என்னை மறக்கவில்லை, பாருங்கள். 'சாப்பிட்டேங்க' என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் இல்லை என்று சொன்னால் அவர் மனது கஷ்டப்படும்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்து எங்கே போட வேண்டும்? சித்தாராவைக் கூப்பிட்டு, உட்காருங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். பூனைக்குத்தான் யார் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று, ஐயா. என் இடத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். எண்பத்திரண்டு விழுந்து இவர்கள் 'நம்பர் ப்ளீஸ்' என்றதும், அது என் குரல் இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும். கொஞ்ச நேரம் பேச்சே வராது, என்னைத் தேடுவார். அப்போது அவரை அவசரப்படுத்த வேண்டாம்.