மஸ்டரில் நீட்டிய கை

டீவியில் என் பெயரைத் தப்பாகச் சொல்கிறார்கள். பாஸ்கரன் இல்லை, பாஸ்கல். விவாதத்தில் உட்காருகிறவர்களில் ஒருவராவது விசாரித்துவிட்டு வந்து பேசியிருக்கலாம். பெரிய குறை ஒன்றும் இல்லை. நல்லவிதமாகத்தானே சொல்கிறார்கள்.

நீங்கள் எஸ்.ஐ. ஜோபியைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். போலீஸ் சுட்டது சரியா தப்பா, காலில் சுட்டிருக்கலாமா, மேலே பார்த்து ஒருமுறை சுட்டிருந்தால் போதாதா என்பதெல்லாம் உங்கள் கேள்வி. எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். நானும் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். டீயைக் குடியுங்கள், இந்தக் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும்.

முதலில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கவாத்து என்றால் தேயிலைச் செடியை முட்டளவுக்கு வெட்டிவிடுவது. அதற்கென்று வளைந்த கத்தி உண்டு. ஒரே வீச்சில் கிளையைச் சீவிவிடும். சாயங்காலம் ஆட்கள் மஸ்டருக்கு, அதாவது ஆஜர் எடுக்கும் கொட்டகைக்கு வந்ததும், கத்தியைக் கங்காணி கையில் கொடுத்துவிட்டுத்தான் லயத்து வரிசை வீடுகளுக்குப் போக வேண்டும். தரையில் போடக் கூடாது. கங்காணி வாயைத் திறக்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். வருகிறவன் கத்தியின் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை நீட்டிக் கொடுப்பான். என் அப்பா அப்படித்தான் வாங்கினார். நானும் அப்படித்தான் வாங்கினேன். கம்பெனிக்கு நான் சூப்பர்வைசர். ஆட்களுக்குக் கங்காணி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பாண்டி நல்ல வேலைக்காரன். அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து என் கீழேதான் வேலை பார்த்தான். கையும் காலும் அசதியில் செத்துக் கிடந்தாலும், நான் கையை நீட்டினால் தானாக வந்து கொடுத்துவிட்டுப் போவான். வளர்த்த பிள்ளை மாதிரி என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இந்தக் கவாத்துக்கு அவனுக்கு என்ன தோன்றியதோ, கத்தியைக் கொட்டகை மேஜையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"மேசையில வச்சாலும் கத்திதான கங்காணியா. ஒங்க கையிலதான் தரணும்னு சட்டமா இருக்கு? கங்காணிங்கிற வேலையே இப்ப இல்லையாம்லா."

பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் கொளுந்து வெட்டும் பெண்களும் கத்திரிகளை மேஜையில் வைத்தார்கள். நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவமானம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தோட்டம் ஒழுங்கில்தான் ஓடுகிறது, அந்த ஒழுங்கு போனால் எல்லாருக்கும்தானே கஷ்டம் என்ற கவலை.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை மேஜையை எடுத்து உள்ளே போட்டுப் பூட்டினேன். பாண்டி வந்து பார்த்தான். என் கையைப் பார்த்தான். கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றுவிட்டான். மேஜை வரட்டும், வைக்கிறேன், அதுவரைக்கும் கத்தி என்னிடமே இருக்கட்டும் என்றான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அவ்வளவுதான். யார் மேலும் ஓங்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை.

நான் ஆபீசுக்குள் போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஒருத்தன் கத்தியோடு நிற்கிறான், வெட்டுவேன் என்கிறான், பெண்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்றேன். வெட்டுவேன் என்று அவன் சொல்லவில்லைதான். சொல்லக்கூடியவன் என்று எனக்குப் பட்டது.

ஜோபி வடக்கே காசர்கோடு பக்கத்துப் பையன். இங்கே வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. தமிழ் சுத்தமாக வராது. ஜீப்பை வளைவிலேயே நிறுத்தச் சொல்லி, கூட நடந்து வந்தேன். ஆள் எப்படி என்று கேட்டார். கோபக்காரன் என்றேன். போன வருஷம் இதே கத்தியால் ஒரே வெட்டில் நாயின் தலையை எடுத்தவன் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. லயத்துப் பிள்ளைகளைத் துரத்தி வந்த வெறிநாய் அது. அந்த விவரத்தை அவர் கேட்கவில்லை. அவர் பிஸ்டலின் உறைப் பட்டனைக் கழற்றியதைப் பார்த்தேன். விரல் நடுங்கியது. இத்தனை வருஷம் ஆட்களை மேய்த்தவனுக்குப் பயந்த கையைத் தெரியாமல் இருக்குமா.

வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆபீஸ் கிளார்க் எடுத்தது, எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து. ஜோபி என்னிடம் குனிந்து, கத்தியைக் கீழே போடச் சொல் என்கிறார். நான் சொல்கிறேன், "பாண்டி, கத்தியக் கீழ போடுப்பா." தெளிவாகக் கேட்கும். ஊரெல்லாம் கேட்டுவிட்டது.

அதன் பிறகு கையை நீட்டினேன்.

துப்பாக்கியைப் பார்த்ததும் பாண்டியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிடிவாதமெல்லாம் எங்கோ போய்விட்டது. கீழே போடவா, கையில் கொடுக்கவா என்று குழம்பி என்னைப் பார்த்தான். வீடியோவில் விழாத சின்னக் குரலில் கேட்டான்.

"நீங்க வாங்கிக்கிடுவியளா, கங்காணியா?"

நான் தலையை ஆட்டினேன். அவன் தோளிலிருந்து கத்தியை இறக்கி, வாயைத் தன் பக்கம் திருப்பி, பிடியை முன்னால் நீட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்தான். வேகமாகவே வந்தான். பயந்தவன் அப்படித்தான் வருவான். ஜோபி என் பக்கத்தில், தோள் உரச நின்றிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது நாய்த் தலையை வெட்டிய கத்தி மட்டும்தான். ஒரே குண்டு, நெஞ்சில்.

டீவியில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். கத்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் பிடி எது, வாய் எது என்று தெரியவில்லை. வக்கீல் ஒருவர் போலீசுக்கு யார் கொடுத்தது இந்த உரிமை என்று கேட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. ஒரு பேராசிரியை மட்டும் என் கையைக் கவனித்தார். அந்தப் பெரியவர் கையை நீட்டிக் கெஞ்சுகிறார் பாருங்கள், போலீஸ் இவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும் என்றார். பாஸ்கரன் என்று அவர்தான் முதலில் சொன்னது. அதற்கப்புறம் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு மூன்று விதமான ஆட்கள் வந்தார்கள். கத்தியோடு முன்னால் வந்தானா என்றார்கள். வந்தான் என்றேன். கீழே போடச் சொன்னீர்களா என்றார்கள். சொன்னேன் என்றேன். பிடி எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கத்தி மண்ணில் கிடந்தபோது பிடிக்கு எந்தப் பக்கமும் இல்லை.

கற்பகம் மட்டும் கேட்டாள். பாண்டியின் மனைவி. அவளும் இதே மஸ்டரில் கத்திரி கொடுத்துப் பழகியவள். காரியம் முடிந்த பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"கீழ போடுன்னு வாயால சொன்னிய. பொறவு எதுக்குக் கைய நீட்டுனிய?"

அவனைச் சமாதானப்படுத்தத்தான் என்றேன். அவள் மாஜிஸ்திரேட்டிடமும் போய் இதைச் சொன்னாள். கங்காணி கையை நீட்டினார் என்று மலையாளத்தில் மொழிபெயர்த்தார்கள். ஆமாம், அதை நாங்களும் பாராட்டிக் குறித்திருக்கிறோம் என்று அவர் ஆறுதலாகச் சொன்னாராம். இனிமேல் அவள் எங்கே போய் என்ன சொல்ல முடியும்? வேலை இல்லையென்றால் லயத்து வீடு இல்லை. கம்பெனி இரக்கப்பட்டு அவளை என் பகுதியிலேயே நிரந்தரமாக்கியிருக்கிறது. நானும் ஒரு வார்த்தை சொன்னேன்.

ஜோபிக்கு சஸ்பென்ஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார். நீங்கள் இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அவன் உண்மையில் வெட்டத்தான் வந்தானா என்று கேட்டார். தூங்கி நாளாகிறது என்றார். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை சார் என்று சொல்லி அனுப்பினேன். பாவம், குழந்தை மாதிரி அழுதார். கோர்ட்டில் அவர் தப்பித்தாலும் தப்பிப்பார், உள்ளே போனாலும் போவார். இரண்டில் எது நடந்தாலும் டீவியில் நியாயம் கிடைத்தது என்பார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், கேட்க வேண்டியதை நீங்களும் கேட்காமலே எழுந்துவிடுவீர்கள் போலிருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவைக் காட்டி உங்களைத்தான் பைத்தியம் என்பார்கள். ஜோபி சுடுவார் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். கையை நீட்டும்போதே தெரியும். மடக்கிக்கொள்ள நேரம் இருந்ததா என்றால், இருந்தது. பாண்டி நடந்து வந்த நேரம் முழுக்க இருந்தது. மடக்கவில்லை. அத்தனை நாள் முறைத்துக்கொண்டு நின்றவன், எல்லார் கண் முன்னாலும் என் கையைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். பிடி என் விரலில் பட ஒரு சாண்தான் பாக்கி.

நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை. பாண்டியை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.