வீட்டுக்காரர் இருமல்

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் குப்பத்துப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். கையில் மருந்து வாங்கக் காலி பாட்டில்கள். சின்னவள் கட்டைக் குரலில் இருமிவிட்டுக் கேட்டாள்.

"யக்கா, அவரு இருமற மாரியே கீதா?"

"இன்னாடி, நல்லாத்தான கீற?"

"எனக்கில்லக்கா, எங்க வூட்டுக்காரருக்குத்தான் இருமலு. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா கடலுக்குப் பூட்றாரு. நோவு இல்லாதவங்களுக்கு மருந்து குடுப்பாங்களா?"

"அப்போ கடைசில கொஞ்சம் இழு. அவரு இழுக்கிறது எங்க வூடு வரைக்கும் கேக்குது."

இழுத்துப் பார்த்தாள். பெரியவள் தலையாட்டினாள். அதற்குள் முறை வந்துவிட்டது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே இருமினாள்.

"எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சார்."