எண்பத்தாறு மனை, நாலு வீடு

சாயங்காலம் நாலேகால் மணி. ராத்திரி இல்ல, கவனிச்சுக்கங்க... நல்ல வெயில். இலுப்பூர் தாண்டி கொடும்பாளூர் போற ரோடு. முன்னாடியும் வண்டி இல்ல, பின்னாடியும் வண்டி இல்ல. ஒரே ஒரு ஸ்கூட்டி. அதுல ஒரு புருஷன், பொண்டாட்டி.

ஷர்லி டீச்சர், அந்தக் கதவைச் சாத்திருங்க, கொசு வருது. விடிஞ்சா எலெக்‌ஷன், அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சு பூத்தை ரெடி பண்ணணும், தூங்குங்கன்னுதான் நான் சொன்னேன். தூக்கம் வரல, எதாச்சும் சொல்லுங்கன்னு நீங்கதான் கேட்டீங்க. அப்பறம் என்னையத் திட்டக் கூடாது.

எங்க ஸ்கூல் பி.டி. சார் நிலவழகன் இருக்காருல்ல, எலெக்சன் ட்ரெயினிங்ல பாத்தீங்களே... அவரோட அக்கா வீட்டுல நடந்தது இது. அக்கா பேரு பிரகதீஸ்வரி. வீட்டுக்காரரு சிவபிரகாஷ். புதுக்கோட்டையில வீட்டு பிளான், லேஅவுட் பிளான் எல்லாம் வரைஞ்சு குடுக்குறவரு. புள்ளைங்க இல்ல. வருசம் ஒரு தடவை ரெண்டு பேரும் ஊர் பாக்கக் கெளம்பிருவாங்க. மத்தவங்க மாதிரி ஊட்டி, கொடைக்கானல் இல்ல. அவருக்கு வேண்டியது பழைய பட்டணம். ராஜாக்க இருந்து, இடிஞ்சு கெடக்குற ஊரு.

ஹம்பியில ஒரு கடைத்தெரு இருக்கு. ரெண்டு பக்கமும் கல்லுத் தூணு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும். அதைப் பாத்ததும் அவரு அப்படியே தரையில உக்காந்துட்டாராம்.

"காலு வைக்க எடமில்லாம இருந்திருக்கும் ஈஸ்வரி. இப்ப ஒருத்தரு மிச்சமில்ல. எல்லாரும் எங்க போயிருப்பாங்க?"

பீஜப்பூர்லயும் இதே கேள்வி. டெல்லியில துக்ளக் கட்டுன கோட்டையிலயும் இதே கேள்வி.

போன வருசம் துபாய். அறந்தாங்கிக்காரரு முகமது அஸ்வர்னு ஒரு சிநேகிதரு அங்க வேலை பாக்குறாரு, அவரு கூப்பிட்டுப் போனது. ஊருக்கு வெளிய புதுசா கட்டுன எடத்தைக் காட்டிருக்காரு. நாப்பது மாடி, அம்பது மாடி. ரோடு இருக்கு, பஸ் ஸ்டாப் இருக்கு, சிக்னல் இருக்கு. ஆளுக இன்னும் குடி வரல. சிக்னல் மட்டும் செவப்பு, பச்சைன்னு மாறிக்கிட்டே இருக்கு... யாருமில்லாத ரோட்டுக்கு.

அங்க நின்னு சொல்லிருக்காரு. "பழைய ஊருல இருந்தவங்க போயிட்டாங்க. புது ஊருக்கு இன்னும் யாரும் வரல. அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு கூட்டம் நடந்துக்கிட்டே இருக்கணும்ல?"

அஸ்வர் சிரிச்சாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரல.

அவங்க குடியிருந்ததே அப்படி ஒரு எடந்தான். புதுக்கோட்டைக்கு வெளிய ஒரு புது நகர். அவரே வரைஞ்ச லேஅவுட். எண்பத்தாறு மனை. தார் ரோடு, லைட்டுக் கம்பம், மஞ்சப் பெயிண்டு அடிச்ச எல்லைக் கல்லு எல்லாம் போட்டு பத்து வருசமாச்சு. எழும்புனது நாலே நாலு வீடு. மத்ததெல்லாம் பொட்டல்.

இம்புட்டு ஊரு பாத்தவரு, வீட்டுல இருந்து நாப்பது கிலோமீட்டர் கூட இல்லாத கொடும்பாளூரைப் பாத்ததில்ல. அதான் அன்னைக்குக் கெளம்புனாங்க. அதுவும் ஒரு காலத்துல தலைநகரந்தான்... வேளிர் இருந்த ஊரு. இப்ப சுத்தி வயலும் கருவ மரமும். நடுவுல இருக்குற கோயிலுக்கு மூவர் கோயில்னு பேரு. மூணு கோயில்ல ரெண்டுதான் நிக்கிது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் கெடக்கு.

அந்த அடித்தளத்துக்கிட்டப் போயி நின்னுக்கிட்டு, வெளையாட்டாக் கேட்டிருக்காரு.

"எங்கப்பா போனீங்க எல்லாரும்? நான் புதுக்கோட்டையில ஒரு ஊரு வரைஞ்சு வச்சிருக்கேன். எண்பத்தாறு மனை. எடம் சும்மாதான் கெடக்கு... வாங்க."

"சும்மா இருங்க நீங்க"ன்னு அக்கா அதட்டிருக்காங்க.

காத்து நின்னுச்சாம். அப்பறம் ஒரு வாடை. திருவிழாக் கூட்டத்துக்குள்ள சிக்கிக்கிட்டா வருமே... வேர்வையும் வெளக்கெண்ணெயும் கலந்து... அந்த வாடை. அக்காவுக்கும் அடிச்சிருக்கு. சுத்தி முத்திப் பாத்தா வாட்ச்மேன் ஒருத்தரு மட்டும், தூரத்துல, வேப்பமரத்தடியில.

வண்டிக்குத் திரும்பி நடக்குறாங்க. நடந்துக்கிட்டே இருந்தவரு சட்டுன்னு ஓரமா ஒதுங்கி நிக்கிறாரு.

"யாருக்கு ஒதுங்குறீங்க?"

"கூடையோட ஒரு அம்மா வந்தாங்கள்ல..."

யாரும் வரல.

திரும்பி வர மூணு மணி நேரமாச்சு. வெறும் ரோட்டுல ஹாரன் அடிக்கிறாரு. பிரேக் போடுறாரு. காலை ஊனிக்கிட்டு நிக்கிறாரு. எறங்குங்க, நான் ஓட்டுறேன்னு அக்கா சொல்லியும் கேக்கல. வீட்டுக்கு வந்து பூட்டைத் தெறந்தவரு, கதவைப் பிடிச்சபடி வாசல்லயே நின்னுட்டாரு. அஞ்சு நிமிசம்... பத்து நிமிசம்...

"என்னங்க, கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க."

"இரு ஈஸ்வரி... இன்னும் வந்துக்கிட்டு இருக்காங்க."

அரை மணி நேரம் நின்னாராம்.

மறுநாள் டாக்டர்கிட்டப் போனாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணுமில்ல. தூங்க மாத்திரை குடுத்தாங்க. அவரு படுக்க மாட்டேன்னுட்டாரு. படுத்தா மேல மிதிக்கிறாங்களாம். செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குறாரு. சோத்துத் தட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாராரு... தட்டி விட்டுருவாங்கன்னு.

நாலாம் நாளு. அக்கா அடுப்படியில இருக்காங்க. அவரு ஹால்ல. நடுவுல பதினஞ்சு அடி கூட இருக்காது. அவரு நுனிக்கால்ல எக்கி நின்னுக்கிட்டு கத்துறாரு.

"ஈஸ்வரீ... கேக்குதா? ஈஸ்வரீ..."

"இங்கதாங்க இருக்கேன். ஏன் இப்படிக் கத்துறீங்க?"

காதுல கைய வச்சுக்கிட்டு, கேக்கலன்னு தலைய ஆட்டுறாரு. அக்காவுக்கு ஃபேன் ஓடுற சத்தம் மட்டுந்தான் கேக்குது. ஓடிப் போயி அவரு கையப் பிடிச்சா, அவரு மூஞ்சி வெளிறிப் போச்சாம்.

"எப்படி நீ அவங்களுக்குள்ளயே நடந்து வார?"

அக்கா அழுதுட்டாங்க. காதோட வாய வச்சுக் கேட்டிருக்காங்க, அவங்களைப் போகச் சொல்லுங்கன்னு.

"சொல்லிப் பாத்துட்டேன். நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல. கெட்டவங்க இல்ல ஈஸ்வரி. எடம் தேடுறாங்க. நான்தானே கூப்பிட்டேன்..."

சட்டையக் கழட்டுனா வெலாவுல ரெண்டு பக்கமும் கன்னிப் போயிருக்கு. முழங்கை இடிச்ச மாதிரி. புதுசு புதுசா.

ஏழாம் நாளு அக்கா தனியா பஸ் ஏறி கொடும்பாளூர் போயிருக்காங்க. தேங்காய், பழம், சூடம் எல்லாம் வாங்கிட்டு. அந்த அடித்தளத்துக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டிருக்காங்க. "அவரு வெளையாட்டுக்குச் சொன்னாருங்க. தெரியாமச் சொல்லிட்டாரு. திரும்பி வந்துருங்க... ஒங்க எடம் இதுதான்."

அவங்க பின்னாடி நிலவழகன்கிட்டச் சொன்னது இதுதான். "தம்பி, மொதத் தடவை போனப்ப அந்த எடம் கனமா இருந்துச்சு. இப்ப இல்ல. அங்க யாருமே இல்லடா. காலி பண்ணிட்டு வந்துட்ட வீடு மாதிரி இருந்துச்சு. நான் யாருகிட்டக் கேக்குறது?"

அதுக்கப்பறந்தான் தம்பிக்கே ஃபோன் பண்ணிருக்காங்க.

பதினோராம் நாளு. மதுரையில பெரிய டாக்டரைப் பாக்கலாம்னு நிலவழகன் கார் எடுத்துட்டுப் போனாரு. அப்பவும் நாலு மணி வெயிலுதான். வீட்டு வாசல்ல இருந்து கேட்டுக்குப் பன்னெண்டு எட்டு இருக்கும். ஒரு கைய அக்கா பிடிச்சிருக்காங்க, இன்னொரு கைய இவரு. நிலவழகன் ஆளு எப்படின்னு ஒங்களுக்கே தெரியும். மாவட்ட டீமுல கபடி ஆடுனவரு. அவரு ஒருத்தரைப் பிடிச்சா லேசுல உருவ முடியாது.

கேட்டுக்கிட்ட வந்ததும் சிவபிரகாஷ், அதான் நிலவழகனோட மாமா, சொல்லிருக்காரு... "விட்டுறாத நிலவா. கெட்டியாப் பிடிச்சுக்க. இன்னைக்கு எல்லாரும் ஒரே பக்கமாத் திரும்புறாங்க."

அவ்வளவுதான். ஒரு இழுப்பு. தேரு இழுக்குற கூட்டத்துல நடுவுல மாட்டுன மாதிரி, பத்துப் பக்கத்துல இருந்தும்னு சொல்றாரு. அக்கா பிடி மொதல்ல போச்சு. அப்பறம் இவரு கையில சட்டைக் கை மட்டும் மிச்சம். கிழிஞ்சு வந்துருச்சு.

மாமா பின்னாலயே போறாரு. முகம் இவங்களைப் பாத்து இருக்கு, காலு பின்னால போகுது. வேகமாக் கூட இல்ல. மெதுவாத்தான்... கூட்டம் நகருற மாதிரி. தாடைய மேல தூக்கிக்கிட்டு, மூச்சுக்கு எடம் தேடுற மாதிரி. ஒரு கைய ஒசத்திப் பிடிச்சிருக்காரு, இவங்களுக்குத் தெரியணும்னு.

நிலவழகன் ஓடிருக்காரு. நூறு மீட்டரைப் பன்னெண்டு செகண்டுல ஓடுற மனுசன்... நடந்து போறவரைப் பிடிக்க முடியல. முப்பதடி தூரம் முப்பதடியாவே இருக்கு. வெலாவுல இடிக்குதாம். காலைத் தட்டுதாம். அந்த வேர்வை வாடை மூஞ்சியிலயே அடிக்குதாம். பின்னாடி அக்கா, "அய்யோ விட்டுருங்க... அவரை மட்டும் விட்டுருங்க"ன்னு கதறுறாங்க.

மூணாவது குறுக்குத் தெருவுல மாமா திரும்புனாரு. கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிஞ்சுச்சாம்.

இவரு அந்த முக்குக்குப் போயி பாத்தா... பொட்டல். மரம் இல்ல, செவுரு இல்ல, புதர் இல்ல. முழங்கால் ஒசரத்துக்கு மஞ்சக் கல்லு மட்டும் வரிசையா நிக்கிது. ஒரு ஆளு ஒளியவும் முடியாது, விழுந்து கெடந்தாலும் தெரியாமப் போகாது. யாரும் இல்ல.

போலீஸ் வந்தாங்க. கெணறு, கம்மாய் எல்லாம் தேடுனாங்க. நாலு மாசமாச்சு. அக்கா அந்த வீட்டை விட்டு வர மாட்டேங்குறாங்க. ராத்திரி பகலு கதவைச் சாத்துறதில்ல. நிலவழகன் அன்னைல இருந்து அரை ஆளா ஆயிட்டாரு. "கையில இருந்தாரு சார்... என் கையிலதான் இருந்தாரு"ங்குறதைத் தவிர ஒண்ணும் பேசுறதில்ல.

போன மாசம் அவரு ஒரு வீடியோ காட்டுனாரு. அந்த நாலு வீட்டுல ஒண்ணு பாலாஜிங்குறவருது. சிங்கப்பூர்ல இருக்காரு, வீடு பூட்டிக் கெடக்கு. அங்கேர்ந்தே பாத்துக்கலாம்னு தெருவைப் பாத்து ஒரு கேமரா மாட்டி வச்சிருக்காரு. சேதி கேள்விப்பட்டு, அன்னைக்கு உள்ளதை எடுத்து அனுப்பிருக்காரு.

நான் என் கண்ணால பாத்தேன். மாமா பின்னாலயே போறாரு, தனியா. நிலவழகன் ஓடுறாரு. அக்கா விழுந்து எந்திரிச்சு ஓடுறாங்க. அப்பறம் தெரு காலி. வெறும் வெயிலு. முடிஞ்சதுன்னு நான் ஃபோனைத் திருப்பிக் குடுக்கப் போனேன்.

"இன்னும் இருக்கு சார். கீழ அந்த மூலையப் பாருங்க"ன்னாரு.

பாலாஜி வீட்டு வாசப்படியில ஒரு தெருநாயி படுத்திருக்கு. ரோட்டுப் பக்கம் கால நீட்டிக்கிட்டு. அது தலையத் தூக்குச்சு. குலைக்கல. நீட்டியிருந்த காலை ஒவ்வொண்ணா உள்ள இழுத்துக்கிச்சு... யாரும் மிதிச்சுரக் கூடாதுன்னு ஒதுங்குற மாதிரி. அப்பறம் தலைய எடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் திருப்புது. திரும்ப எடப்பக்கம். திரும்ப வலப்பக்கம். தெருவுல ஒண்ணுமில்ல.

பதினோரு நிமிசம்.

அதுக்கப்பறம் அது எதையோ அண்ணாந்து பாத்துச்சு. வாலை ரெண்டு தடவை ஆட்டுச்சு. அதோட ரெண்டு காதும்... மெதுவா... பின்னால படிஞ்சுச்சு. யாரோ குனிஞ்சு தலையத் தடவிக் குடுத்த மாதிரி.