போனக்காட்டு ரத்தம்

டீ வேண்டாம் சார், தண்ணீர் போதும். போனக்காட்டு எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு டீ பிடிக்காது என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த வாசனை வந்தாலே எனக்கு எங்கள் லயத்து வீடுதான், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்று, ஞாபகம் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல், இந்தப் பக்கம் ஈரக் கம்பளி, எங்கும் எலி மூத்திரம். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த பிறகும் வெகுநாள் என் சட்டையை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஆய்வகத்தில் நாற்றம் கிடையாது. அங்கே நான் செய்தது நகத்தளவு கண்ணாடிச் சிப். அதன் மயிரிழைக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் எலிக்காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். சூட்டை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கிருமியின் மரபணு இரட்டிக்கும். சூடு சற்றுப் பிசகினாலும் இரட்டிக்காது. என் சிப்பில் பிசகியது. கிருமி ஏராளமாக இருந்தால்தான் கண்டுபிடித்தது.

இரண்டாயிரத்து நான்கு மழைக்காலத்தில் எஸ்டேட்டில் காய்ச்சல் பரவியது. ரத்தம் எடுக்க நான்தான் போனேன். தாசம்மாள் அடுத்த வீட்டுக்காரி, கொழுந்து பறிப்பவள். சித்தி என்றுதான் கூப்பிடுவேன்; சின்ன வயதில் எனக்குச் சோறு போட்டவள். பாயெல்லாம் வாந்தி. கையுறை போட்டுக்கொண்டுதான் அவள் கையைத் தொட்டேன்.

"கெண்டக்கால் ரெண்டும் கடுக்கு மக்கா. நீ வந்துட்டல்லா, இனி பயமில்ல."

அந்த ரத்தத்தை ஆய்வகத்துப் பெரிய இயந்திரத்தில் வைத்தேன். எலிக்காய்ச்சல் என்றது. என் சிப் மட்டும் 'இல்லை' என்றது. எஸ்டேட் டாக்டர் போனில் கேட்டார்.

"செல்வின் சாரே, கண்ணு செவந்து கெடக்கு. பென்சிலின் தொடங்கட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்."

மருந்து உள்ளே போனால் கிருமி குறைந்துவிடும் சார். எனக்கு அது பெருக வேண்டியிருந்தது. ஒரே உடம்பில் கிருமி எவ்வளவு ஏறினால் சிப் கண்டுகொள்கிறது என்று தெரிந்தால், சூட்டை எவ்வளவு திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். எலியில் செய்து பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். எலியை என்னால் தொட முடியாது.

அடுத்த முறை போனபோது அவள் கண் மஞ்சளாகியிருந்தது. மூத்திரம் பிரியவில்லை. சிப் அப்போதும் இல்லை என்றது. அதற்கடுத்த முறை அவள் மகள் பொன்செல்வி வாசலிலேயே என்னை மறித்தாள்.

"அண்ணே, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போவட்டா?"

"மலைப்பாதையில குலுங்குனா சித்தி தாங்க மாட்டாங்க. இங்கயே இருக்கட்டும்."

படித்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். உள்ளே தாசம்மாளின் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அந்த அறையில் எங்கள் பழைய வீட்டின் அதே நாற்றம். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் நரம்பைத் தேடினேன்.

"நல்லா பாரு மக்கா" என்றாள்.

மறுநாள் காலை சிப் பளிச்சென்று ஒளிர்ந்தது: எலிக்காய்ச்சல் உண்டு. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். விடியும்போதே அவள் போய்விட்டாள் என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஏன் அப்படி முகம் சுளிக்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள் சார். அவளுக்கு வந்தது எலிக்காய்ச்சல்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னவனே நான்தான்.