முப்பத்தொரு மீட்டர்

அளவெடுத்த அன்று சந்தில் மூன்று பேர் இருந்தோம்: நகராட்சியின் அளவுக்காரர், அங்கே பார் திறக்கவிருந்த என் மச்சான், நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த நான். கதவுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், தையல்கார அக்கா. இதமான வெயில்.

அக்கா எனக்கு உறவில்லை; அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். எட்டு வருடமாக அவருக்குச் சக்கர நாற்காலிதான். முன்வாசலில் ஒன்பது படிகள். பின்வாசல் சந்தோடு சமதளம், அதனால் போக்குவரத்தெல்லாம் அந்த வழியாக. எனக்கு இரவு வேலை. கண்ட நேரத்தில் வருகிறவன் என்று பின்கதவுச் சாவி ஒன்றை அவரே கொடுத்திருந்தார். அவருடைய சாவி கதவோரம் ஆணியில் தொங்கும்.

விதி எளிது. பாரின் வாசலிலிருந்து, புழக்கத்திலுள்ள வீட்டு வாசல் எதுவும் ஐம்பது மீட்டருக்குள் இருக்கக் கூடாது. அக்காவின் பின்கதவு முப்பத்தொரு மீட்டர். முனை சுற்றி முன்கதவுக்குப் போனால் எண்பத்துநான்கு. குடித்துவிட்டு நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு நாற்காலியை உருட்ட முடியாது என்று அக்கா ஆட்சேபம் எழுதியிருந்தார்.

உரிமம் கிடைத்தால் பகல் வேலை தருவதாக மச்சான் சொன்னார். நான் முந்திக்கொண்டு இரவு வேலையை விட்டுவிட்டேன். ஆறு வருடம் பகலெல்லாம் தூங்கிக் கழித்தவனுக்கு அது பெரிய ஆசை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அளவுக்காரர் பதினொரு மணிக்கு வந்தார். அக்காவிடம் மூன்று மணி என்று சொல்லியிருந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுவது கேட்டது. கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் மச்சான் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"இந்தக் கதவு புழக்கத்துல இருக்கா?"

"இல்ல சார். ரொம்ப நாளா பூட்டித்தான் கெடக்கு."

"நீங்க யாரு?"

"இந்த வீட்டு மாடியிலதான் இருக்கேன்."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எண்பத்துநான்கு. நாடாவை நான் தளர விடவில்லை. அளவு சுத்தமாக இருந்தது.

அன்று மாலை விஷயம் தெரிந்ததும், அலுவலகத்துக்கே போய்க் கேட்கிறேன் என்று அக்கா கிளம்பினார். ஆணியில் சாவி இல்லை. என்னுடையதையும் வேலை செய்த இடத்தில் தொலைத்துவிட்டதாகச் சொன்னேன். மெஷினுக்கு அடியில் அளவுகோலை விட்டுத் துழாவினார். நானும் கூடவே குனிந்து தேடினேன். இரண்டு சாவியும் என் சட்டைப்பையில் இருந்தன.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அதற்குள் அளவுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரலாம். அதனால் கதவு பூட்டியே இருந்தது. பூட்டு திறப்பவர் நாளைக்கு வருகிறார் என்று தினமும் சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று யாரிடமும் கேட்க அக்காவுக்குக் கூச்சம். அது எனக்குத் தெரியும். மனு எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார். அது மாடியறை மேஜையில் இருந்தது. காய்கறி, மருந்து, நூல்கண்டு எல்லாம் நான்தான் வாங்கி வந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. "கூடப்பொறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்" என்று தைக்க வந்த ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். படியில் நின்று கேட்டேன்.

முப்பத்தோராவது நாள் பெட்டிகளை அகற்றிக் கதவைத் திறந்தேன். அக்கா சந்துக்கு வந்தார். வெயிலில் கண் கூசியது. மச்சானின் புதுப் பலகையைப் படித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பூட்டில் ஒரு சாவி, கையில் இன்னொன்று. ஆணியில் மாட்ட அவர் கட்டியிருந்த சிவப்பு நூல் அதில் அப்படியே இருந்தது.

நான் சொன்னேன்: "முன்கதவு தெறந்துதானே இருந்துச்சு, அக்கா."

அக்கா கையை நீட்டினார். இரண்டையும் கொடுத்தேன். நாற்காலியைத் திருப்பி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.